வண்டிப் புகை விதிகள் நீக்கம்: டர்பன் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மியர்பேங்கில் இருக்கும் என் பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டு உடனே கிளம்புவதில்லை. நான் பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் அவர்களுக்கு உலகச் செய்தி ஞாபகம் வரும். 2026 பிப்ரவரியில் அமெரிக்க அரசு வாகனங்களின் பசுங்குடில் வாயு விதிகளை ஒரேயடியாக நீக்கியதிலிருந்து, இன்ஜெக்டரைப் பற்றிக் கேட்பவர்களைவிட அதைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். கோயிலில் பிரசாதத் தட்டோடு நிற்கும்போதும் விடுவதில்லை. ஆளுக்கு ஒருமுறை சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதி வைத்துவிடுகிறேன். நான் வழக்கறிஞன் அல்ல, டீசல் மெக்கானிக். சட்டத்தையும் ஒரு எஞ்சினைப் பிரிப்பதுபோல்தான் எனக்குப் பிரிக்கத் தெரியும்.

அமெரிக்கா உண்மையில் எதை நீக்கியது?

2026 பிப்ரவரி 12 அன்று அதிபர் டிரம்பும், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டினும் இரண்டு ரத்துகளைச் சேர்த்து அறிவித்தார்கள். ஒன்று, பசுங்குடில் வாயுக்கள் மக்களுக்கு ஆபத்து என்று அதே முகமை 2009 டிசம்பரில் எடுத்திருந்த ‘ஆபத்துத் தீர்மானம்’. இன்னொன்று, அந்தத் தீர்மானத்தின் மேல் நின்ற கார், லாரி ஆகியவற்றின் பசுங்குடில் வாயு வரம்புகள் மொத்தமும். 2012 மாடலிலிருந்து தொடங்கிய வரம்புகளும், 2027 முதல் 2032 வரையிலான மாடல்களுக்காக பைடன் அரசு 2024இல் விதித்த கடுமையான வரம்புகளும் இதில் அடங்கும். அந்தக் கடைசி விதி நின்றிருந்தால் 2032இல் புதிய கார்களின் சராசரி மைலுக்கு 85 கிராம் கார்பன் டை ஆக்சைடாக இறங்கியிருக்க வேண்டும். நம் கணக்கில் கிலோமீட்டருக்கு 53 கிராம். இன்று நம் தெருவில் நிற்கும் சாதாரண வண்டி விடுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அது.

ஒரே ஒரு தீர்மானம் போனால் இத்தனை விதிகளும் எப்படிப் போகும்?

டைமிங் பெல்ட் அறுந்த எஞ்சினைப் பார்த்திருக்கிறீர்களா? வால்வு, பிஸ்டன் எல்லாம் அதனதன் இடத்தில் நன்றாகத்தான் இருந்திருக்கும். பெல்ட் அறுந்த நொடியில் ஒன்றையொன்று இடித்து நொறுக்கிவிடும். இங்கே பெல்ட் அந்தத் தீர்மானம்.

அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் இப்படிச் சொல்கிறது: புதிய வாகனங்களிலிருந்து வரும் ஒரு மாசு மக்களின் உடல்நலத்துக்கோ நல்வாழ்வுக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று முகமையின் தலைவர் கருதினால், அதற்கு வரம்பு விதித்தாக வேண்டும். ‘விதிக்கலாம்’ என்றில்லை, ‘விதித்தாக வேண்டும்’. ஆகவே கேள்வி எல்லாம் கார்பன் டை ஆக்சைடு ஒரு மாசா இல்லையா என்பதில் வந்து நின்றது. அது இந்தச் சட்டம் சொல்லும் மாசு அல்ல என்று புஷ் காலத்து முகமை ஒதுங்கிக்கொண்டது. மாசசூசெட்ஸ் மாநிலம் வழக்குப் போட்டது. 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது மாசுதான் என்றது. ஆபத்து உண்டா இல்லையா என்பதை அறிவியலைப் பார்த்து முடிவு செய் என்று முகமைக்கு உத்தரவிட்டது. இரண்டரை ஆண்டு கழித்து, 2009 டிசம்பர் 7 அன்று, முகமை ‘ஆபத்து உண்டு’ என்றது. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, புளோரின் சேர்ந்த மூன்று வகை வாயுக்கள் என ஆறு வாயுக்கள் அந்தப் பட்டியலில் உண்டு. எதிர்த்து வழக்குகள் வந்தன. 2012இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்மானம் செல்லும் என்றது.

இப்போது அந்தப் பெல்ட்டை அறுத்திருக்கிறார்கள். கிளை கிளையாக ஏறி வெட்டுவானேன், வேரிலேயே கை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற கணக்கு. விதியை மட்டும் தளர்த்தியிருந்தால் அடுத்து வரும் அரசு மறுபடியும் இறுக்கிவிடும். வேரே போய்விட்டது, சட்டம் இதற்கு இடமே தரவில்லை என்று நீதிமன்றமும் ஒப்புக்கொண்டுவிட்டால், அடுத்த அரசு நினைத்தாலும் புதிய சட்டம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. இந்த அறிவிப்பின் கூர்மை அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் அமெரிக்காவில் இனி வண்டி எவ்வளவு கரும்புகை விட்டாலும் கேட்பாரில்லையா?

இல்லை. கரித்துகள், நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள் ஆவி ஆகியவற்றின் வரம்புகள் தனி. அவை இந்த ரத்தில் சேரவில்லை. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பிடுங்கி எறியலாம் என்று எவரும் உத்தரவு போடவில்லை. பட்டறைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இதைக் குழப்பிக்கொண்டுதான் வந்தார்கள்.

எல்லாம் ஒரே குழாயில்தானே வருகிறது? அந்தக் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஒரு ஃபில்டர் போட்டால் போகாதா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கேட்டவர் எட்டாம் வகுப்புப் பெண், அப்பாவின் காரோடு வந்தவள்.

கரி என்பது சரியாக எரியாததின் மிச்சம். அடுப்பில் ஈர விறகு வைத்தால் புகைவதைப் போல. எஞ்சின் நன்றாக எரித்தால் கரி குறையும், மிஞ்சுவதை ஃபில்டர் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு அப்படியல்ல. நன்றாக, முழுமையாக எரிந்ததற்கு அதுதான் அடையாளம். எஞ்சினை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேனோ அவ்வளவு ஒழுங்காக அது வெளியே வரும். நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது.

அளவைக் கேளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இருக்காது. அதை எரித்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. முக்கால் கிலோவைப் போட்டு இரண்டேகால் கிலோவுக்கு மேல் எப்படி எடுப்பது என்று அந்தப் பெண் உடனே மடக்கினாள். பெட்ரோலில் உள்ள கார்பனோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து சேர்கிறது, கூடுதல் எடை அந்த ஆக்சிஜனுடையது. டீசல் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ. 45 லிட்டர் டாங்கை நிரப்பிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல் வெளியே விட்டிருப்போம். பத்துக் கிலோ அரிசிப் பையில் பத்துப் பை. அதைப் பிடித்து வைக்க வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வேண்டும். ஃபில்டர் போட முடியாது என்பதன் அர்த்தம் இதுதான்: குறைக்க ஒரே வழி குறைவாக எரிப்பது. சிறிய எஞ்சின், எடை குறைந்த உடல், ஹைப்ரிட், அல்லது எரிக்காமலே ஓடும் மின்வண்டி. அதனால்தான் இந்த ஒரு விதி கார் கம்பெனிகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கசந்தது. மற்ற விதிகளுக்குக் குழாயில் ஒரு பெட்டியைச் சேர்த்தால் போதும். இதற்கு வண்டியையே மாற்ற வேண்டும்.

நீக்கியதற்கு அவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள்? ஒன்றுமே இல்லாமலா செய்வார்கள்?

காரணங்கள் சொல்லித்தான் இருக்கிறார்கள். 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஊருக்குள், வட்டாரத்துக்குள் தீங்கு செய்யும் மாசைப் பற்றியது, உலகம் முழுவதும் கலந்துவிடும் வாயுவைப் பற்றியது அல்ல என்பது முதல் வாதம். இவ்வளவு பெரிய பொருளாதார முடிவை நாடாளுமன்றம் வெளிப்படையாகச் சொல்லாமல் ஒரு முகமை எடுக்கக் கூடாது என்பது இரண்டாவது. 2022இல் மேற்கு வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இதற்குத் துணைக்கு அழைக்கிறார்கள். அமெரிக்க வண்டிகளை மட்டும் கட்டுப்படுத்துவதால் உலக வெப்பநிலையில் சொல்லும்படியான மாற்றம் வராது என்பது மூன்றாவது. 1.3 லட்சம் கோடி டாலர் மிச்சம் என்று ஒரு தொகையும் சொன்னார்கள்.

முதல் இரண்டும் வழக்கறிஞர்கள் மல்லுக்கட்ட வேண்டியவை. மூன்றாவதை என் வாடிக்கையாளர்களிடம் தினமும் கேட்கிறேன்: ‘என் ஒரு வண்டியால் என்ன ஆகிவிடப் போகிறது, அண்ணா?’ அமெரிக்காவில் பசுங்குடில் வாயுவை அதிகமாக வெளியிடும் துறையே போக்குவரத்துதான். அவர்களே ‘எங்கள் பங்கு சிறிது’ என்றால், இசிபிங்கோவில் ஒரே ஒரு பழைய டாக்சி வைத்திருப்பவரிடம் நான் எந்த முகத்தோடு பேசுவது?

மிச்சத் தொகையைப் பற்றி ஒரு சொல். ஷோரூமில் மிச்சமாவது வேறு, பெட்ரோல் போடும்போது செலவாவது வேறு. 2024 விதியைப் போட்டபோது இதே முகமை, வண்டியின் ஆயுளுக்கு ஓட்டுநருக்குச் சராசரியாக 6000 டாலர் மிச்சம் என்று கணக்குக் காட்டியது. ஆட்சி மாறினால் கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிடும்போலும். அறிவியல் அப்படி மாறவில்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2025 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, 2009 தீர்மானம் சரியாகவே இருந்தது, இன்றைய சான்றுகள் அதைவிட வலுவானவை என்றது.

இது ஒன்றுதானா, வேறு ஏதும் தளர்த்தினார்களா?

ஒரு வரிசையே இருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் தனக்கென்று கடுமையான விதி வைத்துக்கொள்ளப் பல பத்தாண்டுகளாகச் சிறப்பு அனுமதி பெற்றுவந்தது. 2035 முதல் புதிய பெட்ரோல் கார் விற்பனையை நிறுத்தும் விதிக்கான அனுமதியை ரத்து செய்யும் தீர்மானத்தில் 2025 ஜூன் 12 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். ஜூலை 4இல் கையெழுத்தான பெரிய வரிச் சட்டம், மைலேஜ் விதியை மீறும் கம்பெனிகளுக்கான அபராதத்தைப் பூஜ்ஜியமாக்கியது. விதி புத்தகத்தில் இருக்கும், மீறினால் தண்டம் சைபர். இதைவிட அழகாக ஒரு சட்டத்தை உயிரோடு புதைக்க முடியாது. மின்வண்டி வாங்குவோருக்கான வரிச் சலுகை அதே ஆண்டு செப்டம்பர் 30உடன் நின்றது. பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா வெளியேறியது 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் நாடு நிலக்கரியிலிருந்து மெல்ல விலக உதவுவதாக 2021இல் பணக்கார நாடுகள் சேர்ந்து அறிவித்த 850 கோடி டாலர் கூட்டு ஏற்பாட்டிலிருந்தும் 2025 மார்ச்சில் விலகிக்கொண்டார்கள்.

நடுவில் ஒரு சின்ன வேடிக்கை. ரோபோட்டில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து, கிளம்பும்போது தானாகப் பற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதல்லவா, அதற்குக் கம்பெனிகளுக்குக் கிடைத்துவந்த சலுகைப் புள்ளிகளையும் இந்த ரத்தில் எடுத்துவிட்டார்கள். அதில் மட்டும் என் வாடிக்கையாளர்கள் டிரம்ப் கட்சி. அந்தப் பொத்தானை நிரந்தரமாக அணைத்துத் தரச் சொல்லி மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள். (ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இங்கே ரோபோட் என்றால் சாலைச் சிக்னல். இயந்திர மனிதன் யாரும் சந்தியில் நிற்பதில்லை.)

எல்லாம் முடிந்துவிட்டதா?

முடியவில்லை. சில நாட்களிலேயே சுகாதார அமைப்புகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. அங்கே யார் தோற்றாலும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவார்கள்.

டர்பனில் இருக்கும் நமக்கு இதில் என்ன?

2022 ஏப்ரல் 11, 12 ஆகிய இரண்டு நாட்களை நம் ஊரில் எவரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடங்கள் உண்டு. 400க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். மலைச்சரிவில் கட்டிய வீடுகள் மண்ணோடு வழிந்து போயின. சாட்ஸ்வர்த்தில் ஒரு வாடிக்கையாளரின் வீட்டுக்கு ஐந்தாம் நாள் போனேன். பூஜை மாடம் இருந்த சுவர் மட்டும் நின்றது, அதற்குப் பின்னால் வானம். உலகளவில் இத்தகைய நிகழ்வுகளை ஆராயும் அறிவியலாளர் குழு ஒன்று, முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய அளவு மழை, பூமி சூடேறியதால் இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை என்றாகிவிட்டது என்று கணக்கிட்டது.

அந்த வெள்ளம் எங்கே புகுந்தது என்று நினைத்துப் பாருங்கள். ப்ரொஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா தொழிற்சாலைக்குள். ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், நம் ஊரின் மினிபஸ் டாக்சி எல்லாம் பிறக்கிற இடம். உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத ஆயிரக்கணக்கான வண்டிகள் சேற்றில் ஊறி, விற்கத் தகுதியற்றவை என்று நசுக்கப்பட்டன. அங்கே வேலை செய்யும் என் மைத்துனர் அந்த மாதங்களில் என் பட்டறையில் வந்து உட்கார்ந்திருப்பார். சும்மா இருக்க முடியாமல் என் ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்கி வைத்தார், இன்றும் அந்த வரிசை கலையவில்லை. கார்பன் டை ஆக்சைடுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. டெட்ராய்ட்டில் பிறந்த வண்டி டெக்சாஸில் விட்டதும், என் பட்டறை வாசலில் நிற்கும் பக்கி (பின்னால் சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் வண்டி) விட்டதும் மேலே போனால் ஒன்றுதான். அதே டர்பனில்தான் 2011இல் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தது, எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் ஒப்பந்தத்துக்கு இங்கேதான் கால்கோள் நாட்டினார்கள்.

பெட்ரோல் விலை குறையுமா?

குறையாது. ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை நம் விலையைத் தீர்மானிப்பவை கச்சா எண்ணெயும் ராண்டின் மதிப்பும் நம் அரசின் வரிகளும்தான். அமெரிக்க வண்டி அதிகம் குடித்தால் நமக்கு மலிவாகும் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

நம் நாட்டில் வண்டிப் புகைக்கு என்ன விதி?

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. புதிய வண்டிகளுக்கு நம் சட்டம் கேட்பது ஐரோப்பாவின் யூரோ 2 தரம். ஐரோப்பாவில் அந்தத் தரம் வந்தது கடந்த நூற்றாண்டில், 1996இல். யூரோ 6 அங்கே 2014இலேயே வந்துவிட்டது. இங்கிருந்து கப்பலேறும் வண்டியும் இங்கே விற்கும் வண்டியும் ஒரே கூரையின் கீழ் பிறந்தாலும் விடும் புகை ஒன்றல்ல.

கார்பன் டை ஆக்சைடுக்கு உச்சவரம்பு கிடையாது, வரி மட்டும் உண்டு. 2010 செப்டம்பரில் தொடங்கியது. 2024 ஏப்ரல் விகிதப்படி, கார் என்றால் கிலோமீட்டருக்கு 95 கிராமுக்கு மேல் போகும் ஒவ்வொரு கிராமுக்கும் 146 ராண்ட். இரட்டைக் கேபின் பக்கி என்றால் 175 கிராமுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 195 ராண்ட். 150 கிராம் விடும் சாதாரணக் காருக்கு 55 கிராம் கூடுதல், 8030 ராண்ட். 215 கிராம் விடும் பெரிய பக்கிக்கு 40 கிராம் கூடுதல், 7800 ராண்ட். அதிகம் விடுகிறவன் குறைவாகக் கட்டுகிறான்! ஒற்றைக் கேபினுக்கு ஒன்றுமே இல்லை. இந்த வரி விலைக்குள் கரைந்துவிடுவதால் வாங்குகிறவர் கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் படாத வரி எப்படி மனத்தை மாற்றும் என்று எனக்குப் புரியவில்லை. பெட்ரோலிலும் கார்பன் வரி உண்டு: 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 14 சென்ட், டீசலுக்கு 17.

நம் அரசும் அமெரிக்காவைப் போல் விதிகளை நீக்குமா?

நம் ஊரில் நீக்க மாட்டார்கள், தள்ளி வைப்பார்கள். நீக்கினால் செய்தியாகும், ஊர்வலம் வரும், வழக்கு வரும். தள்ளி வைத்தால் அரசிதழில் நான்கு வரி.

டீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற தூய எரிபொருள் விதி 2017 ஜூலை 1 அன்று வந்திருக்க வேண்டியது. சுத்திகரிப்பு ஆலைகளைப் புதுப்பிக்கும் செலவு யாருடையது என்ற சண்டையில் அந்த நாள் கடந்துபோனது. பிறகு 2023 செப்டம்பர் 1 என்றார்கள். பிறகு 2027 ஜூலை 1. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று என் அம்மா சொல்வார். இதற்கிடையில் ஒரு கராஜில் (பெட்ரோல் பங்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) 50 பங்கு டீசலும், அதே சாலையில் இன்னொன்றில் 500 பங்கு டீசலும் விற்கிறார்கள். எது எது என்று பார்க்காமல் நிரப்பிவிட்டு, ‘அண்ணா, ஆரஞ்சு விளக்கு எரிகிறது’ என்று என்னிடம் வருகிறார்கள்.

மின்நிலையங்களின் கதை இதைவிட நீளம். 2010இல் குறைந்தபட்ச உமிழ்வுத் தரங்கள் வந்தன. 2015க்குள் இவ்வளவு, 2020க்குள் இன்னும் கொஞ்சம் என்று இரண்டு படி. அரசு மின் நிறுவனமான எஸ்காம் தவணை கேட்டது, கிடைத்தது. மறுபடி கேட்டது, மறுபடி கிடைத்தது. 2020இல் பழைய நிலையங்களுக்கான கந்தக டை ஆக்சைடு வரம்பையே இரட்டிப்பாக்கினார்கள், 500 மில்லிகிராம் என்று இருந்தது 1000 ஆனது. 2025 மார்ச் 31 அன்று எட்டு நிலக்கரி மின்நிலையங்களுக்கு விலக்கு. மின்வெட்டில் வதைபட்ட நாடு, மூடச் சொல்லவும் முடியாது. அதை நான் மறுக்கவில்லை. பட்டறையில் ஜெனரேட்டரை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போன ஆள் நான். ஆனால் 2010இல் தொடங்கியிருந்தால் 2025இல் விலக்குத் தேவைப்பட்டிருக்காது.

2024இல் பருவநிலை மாற்றச் சட்டம் கையெழுத்தானது. 2025 மார்ச்சில் அதன் பல பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது, பெரிய கம்பெனிகளுக்கு உமிழ்வு ஒதுக்கீடு விதிக்கும் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கச் சட்டம் ‘உடல்நலம் அல்லது நல்வாழ்வு’ என்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 24ஆம் பிரிவும் கிட்டத்தட்ட அதே சொற்களில், உடல்நலத்துக்கோ நல்வாழ்வுக்கோ தீங்கு செய்யாத சூழலில் வாழ எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. அங்கே அது ஒரு முகமைத் தலைவரின் கருத்தைப் பொறுத்தது. இங்கே அது உரிமை. ம்புமலாங்கா மாகாணத்தின் நிலக்கரிப் புகையை எதிர்த்து நடந்த வழக்கில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் அதை உறுதி செய்தது: இந்த உரிமை என்றோ ஒரு நாள் தரப்பட வேண்டியதல்ல, உடனே தரப்பட வேண்டியது. அரசின் மேல்முறையீட்டில், 2025 ஏப்ரலில் வந்த தீர்ப்பும் இதை அசைக்கவில்லை. இங்கே ஓர் அமைச்சர் காலையில் எழுந்து ‘ஆபத்து இல்லை’ என்று அறிவித்துவிட முடியாது. தவணை மட்டும் தர முடியும்.

மியர்பேங்க் காற்று முன்பைவிட நன்றாகத்தானே இருக்கிறது? விதி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

நன்றாக இருப்பது உண்மை. நான் சிறுவனாக இருந்தபோது காவடிக்காகத் துவைத்துக் காயப்போட்ட மஞ்சள் வேட்டியை அம்மா கொடியிலிருந்து எடுக்கும்போதே உதறிப் பார்ப்பார். கரும்புள்ளி இருந்தால் மறுபடி வாளிக்குள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்துவது வீட்டுப்பாடம்போல் எங்களுக்குப் பழக்கம். என் தங்கை பென்சில் பெட்டியிலேயே ஆஸ்துமா பம்ப்பை வைத்திருந்தாள், வகுப்பில் அப்படி நாலைந்து பேர். பின்னர், 2000களின் தொடக்கத்தில், மியர்பேங்கின் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஆய்வு நடத்தியபோது பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் ஆஸ்துமா இருந்ததைக் கண்டார்கள். ஊர் மக்களின் போராட்டத்தால் கண்காணிப்பு நிலையங்கள் வந்தன, கந்தக அளவு கணிசமாக இறங்கியது. விதி வேலை செய்த காலம் அது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் இன்றைய காற்றுக்கு முழுக் காரணம் விதி அல்ல. நம் வட்டாரத்தில் இருந்த இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் வெடிவிபத்துக்குப் பிறகு எண்ணெய் காய்ச்சவில்லை. மற்றொன்றை 2022 தொடக்கத்தில் நிறுத்தினார்கள், ஏப்ரல் வெள்ளம் அதையும் மூழ்கடித்தது. பிறகு அரசு நிறுவனம் அதை ஒரே ஒரு ராண்டுக்கு வாங்கியது. மறுபடி அங்கே எண்ணெய் காய்ச்சப்போகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் தெருவில் சிலருக்கு வேலைக் கனவு, சிலருக்கு நெஞ்சு இறுக்கம். ஒரே வீட்டில் இரண்டும் உண்டு.

மின்வண்டி வாங்கலாமா?

எங்கிருந்து மின்சாரம் எடுப்பீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் நிலக்கரி. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. மின்வண்டி 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் எடுத்தால் கிலோமீட்டருக்கு 180 கிராம், நடுத்தரப் பெட்ரோல் காருக்கு ஈடு. புகை மட்டும் இடம் மாறுகிறது, மியர்பேங்கிலிருந்து எமலாஹ்லேனிக்கு. அந்த ஊரின் பெயருக்கே ‘நிலக்கரி உள்ள இடம்’ என்றுதான் பொருள். கூரையில் சூரியத் தகடு இருந்தால் கதை தலைகீழ், தாராளமாக வாங்குங்கள். இல்லாதவர்களுக்கு இன்றைய நிலையில் நான் ஹைப்ரிட்டைத்தான் சொல்கிறேன். 100 கிலோமீட்டருக்கு நாலரை லிட்டர் குடிக்கும் வண்டி ஏறத்தாழ 104 கிராம்தான் விடும். ப்ரொஸ்பெக்டனிலேயே 2021 முதல் அப்படி ஒரு மாடல் தயாராகிறது.

அமெரிக்கா வேண்டாமென்று ஒதுக்கும் பழைய வண்டிகள் இங்கே வந்து குவியுமா?

வராது. பழைய வண்டியை வியாபாரத்துக்கு இறக்குமதி செய்ய இங்கே தடை, அதோடு அவர்களுடையது இடப்பக்கம் ஸ்டியரிங். நம் துறைமுகத்தில் இறங்கி லாரியில் ஏறி அண்டை நாடுகளுக்குப் போகும் பழைய வண்டிகள் ஜப்பானுடையவை.

அமெரிக்காவே விட்டுவிட்டது. என் டீசல் பக்கியின் புகை ஃபில்டரைக் கழற்றித் தருவீர்களா?

மாட்டேன். அமெரிக்கா விட்டது இதையல்ல என்று மேலே சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒருவர் வந்தார். பொட்டலம் விநியோகிக்கும் வேலை, நாள் முழுவதும் சாட்ஸ்வர்த்துக்கும் இசிபிங்கோவுக்கும் இடையே நின்று நின்று ஓடும் வண்டி. ஃபில்டர் அடைத்துவிட்டது. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் அறைகள் இருக்கும், கரி அவற்றில் தங்கும். வண்டி நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறி ஓடினால் 600 டிகிரி அளவில் அந்தக் கரி தானாக எரிந்து சாம்பலாகும். குட்டிக் குட்டி ஓட்டத்தில் அந்தச் சூடே வராது. கழற்றி, செய்தித்தாளை விரித்து அதன் மேல் லேசாகத் தட்டிக் காட்டினேன். மையைவிட மெல்லிய தூள். ஒரு துளி விரலில் ஒட்டியது சோப்புப் போட்டுத் தேய்த்தும் ரேகைக்குள்ளேயே இருந்தது. இது இல்லாவிட்டால் பின்னால் வரும் பிள்ளையின் மூச்சுக்குழாயில் போய் இப்படித்தான் ஒட்டும் என்றேன். புதியது வேண்டாம், சுத்தம் செய்து மாட்டுகிறேன், வாரம் ஒருமுறை பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏற்றத்தில் ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். ‘அதற்கு யார் டீசல் போடுவது?’ என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வேறு பட்டறையில் குழாயை வெட்டி, உள்ளிருந்ததை எடுத்துவிட்டு, மேலே பற்றவைத்துக்கொண்டார். இங்கே ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை கிடையாது. தனியார் வண்டிக்கு ரோட்வர்தி (சாலைத் தகுதி) சான்றிதழ் பெயர் மாற்றும்போதுதான் கேட்பார்கள், அப்போதும் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பவர் யாருமில்லை. ஆயில் மாற்ற மட்டும் இன்னும் என்னிடமே வருகிறார். வண்டியை உள்ளே ஏற்றாமல் வெளியே தெருவில் நிறுத்தச் சொல்கிறேன்.